சாமி முன்னால் இருந்த ஸ்பேனர்

ஏங்க, இன்றைக்கு ஆயுத பூஜை. வாசலெல்லாம் சந்தனம் மணக்கிறது. புது டிரைவர் பாண்டி லாரியைக் கழுவிவிட்டு, சக்கரத்து நட்டுகளுக்குப் பொட்டு வைக்கக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அந்த வாசனையே ஆகாமல் போய்விட்டது. புண்ணியம் உங்களுக்குத்தான்.

போன ஆயுத பூஜை அன்றைக்குப் பின்சக்கரத்தை நான்தான் தேய்த்துக் கழுவினேன். நாலைந்து நட்டிலிருந்து துரு கோடாக வடிந்திருந்தது. நட்டு தளர்ந்தால் அப்படித்தான் வடியும் என்று கல்யாணமான புதிதில் எனக்குச் சொன்னதே நீங்கள். கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தீர்கள்.

"தளந்துதான் இருக்கு. ஸ்பேனரு சாமிகிட்ட இருக்குல்ல, நாளைக்கு எடுத்து இறுக்கிருவோம்" என்று அந்தத் துருவின் மேலேயே சந்தனத்தை அப்பினீர்கள்.

பூஜை நாளில் வண்டி நிற்கத்தானே போகிறது என்று நானும் விட்டுவிட்டேன். மத்தியானம் தேவாரம் ஊரிலிருந்து போன் வந்தது. முட்டைக்கோஸ் லோடு, வெட்டிப் போட்டது வாடுகிறது, உடனே குமுளிக்கு ஏற்ற வேண்டும். கிளம்பிவிட்டீர்கள். நட்டை இறுக்கிவிட்டுப் போங்கள் என்றேன்.

"பூசையில வச்சதை அன்னைக்கே எடுத்தா வெளங்காதுடி. எலுமிச்சம்பழத்து மேல ஏத்தித்தான போறேன்."

ஸ்பேனரை எடுக்கக் கூடாதாம், லாரியை எடுக்கலாமாம். லாரிக்கும்தானே மாலை போட்டீர்கள் என்று கேட்டேன். சிரித்தீர்கள். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குத் திட்டத்தான் வருகிறது.

மலைப்பாதை வளைவில் சக்கரம் கழன்று ஓட, லாரி உங்கள் பக்கமாகவே சாய்ந்தது. சிதறின கோஸைப் பொறுக்க வந்தவர்கள்தான் உங்களை முதலில் பார்த்தார்களாம். பொறுக்கி முடித்துவிட்டுத்தான் ஆள் கூப்பிட்டார்களாம்.

சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள், "நல்ல நாள்ல போயிருக்காக, புண்ணியவான்" என்றார்கள். சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர் பொட்டுக் கலையாமல் இருந்தது. உங்கள் முகத்தில் பொட்டு வைக்க இடமில்லை.

இப்போது பாண்டி வந்து நிற்கிறான்.

"அக்கா, ஸ்பேனரைக் குடுங்க, சாமிகிட்ட வைக்கணும்."

"அது வராது. சந்தனத்தை அங்கன வச்சிட்டு, நட்டெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாரு."

"அண்ணன் இருந்தப்ப வைப்பாகளாமே?"

"அதான் அவுக இல்ல."

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். வருஷத்தில் எந்த நாளும் இந்த ஸ்பேனர் என் கையை விட்டுச் சாமியிடம் போகாது. சாமி கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும். சக்கரத்தடியில் நானே உட்கார்ந்து ஒவ்வொரு நட்டாக இறுக்கினேன். ஒன்றுக்கும் பொட்டு வைக்க விடவில்லை.

கிண்ணத்துச் சந்தனம் அப்படியே மீந்துவிட்டது. உங்கள் படத்துக்கு வைத்தேன்.