மாதா படத்துக்குக் கீழே வைத்த ரத்தச் சீட்டு

என் செசிலிக்கு,

இந்தக் கோணல்மாணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். அறுபத்தெட்டு வயதில் பழகிய கை. ஒரு வரி முடிப்பதற்குள் வாயில் போட்ட வெற்றிலை கரைந்துவிடுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், பார்த்தாயா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன், காலில் முள் குத்தி உனக்குக் காய்ச்சல் வந்தபோது, காரைக்குடி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துச் சீட்டுக் கொடுத்தார்கள். எந்தத் தாள் வந்தாலும், "மொதல்ல மாதாவுக்குக் காட்டுங்க, அப்பறம் ஊருக்குக் காட்டலாம்" என்பாய் நீ. அன்றும் டவுன் பஸ் ஏறிக் கோட்டையூர் வந்து, மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, மறுநாள் காலையில்தான் டாக்டரிடம் கொடுத்தேன். மதியம் நீ போய்விட்டாய்.

முதியோர் வகுப்பில் எழுத்துக்கூட்டப் பழகியதும் அந்தச் சீட்டைத் தேடி எடுத்தேன். இங்கிலீஷுக்கு அடியில் சிவப்பு மையில் தமிழில் ஒரு வரி: உடனே டாக்டரிடம் காட்டவும். அதை வாசித்த பிறகு எத்தனை நாள் சோறு இறங்கவில்லை தெரியுமா? நான் ஓடியிருந்தால் நீ இருந்திருப்பாயா?

போன திங்கட்கிழமை நம் மகள் ராணிக்குக் குளிர்காய்ச்சல். பிள்ளை பெற்று மூன்றாம் நாள். அதே ஆஸ்பத்திரி. ரத்தச் சீட்டு என் கைக்கு வந்தது. அதே சிவப்பு வரி.

"மாமா, மாதாகிட்ட வச்சுட்டு..." என்றார் மருமகன்.

"மாதா கோவிச்சுக்க மாட்டா. வழிய விடுங்க மாப்ள!"

டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்ன பெரியவரே, இங்குட்டு வந்துட்டீக?"

"ஒடனேன்னு போட்டிருக்கு ஐயா."

பாதிச் சோற்றில் எழுந்தார். "ரத்தத்துல கிருமி ஏறியிருச்சு. வெள்ளணு ரொம்பக் கூடிப்போச்சு. தெனம் எடுத்துப் பாப்போம். காய்ச்சல் விட்டு, இந்த எண்ணிக்கையும் எறங்குனா பொழச்சுக்குவா."

இறங்காவிட்டால்?

செவ்வாய்க்கிழமை கூடியது. புதன்கிழமை அப்படியே நின்றது. பஸ் நம்பர் பார்த்துப் பழகியவன்தான் நான். ஒரு எண்ணைப் பார்க்க இப்படிப் பயந்ததில்லை. வியாழக்கிழமை இறங்கியது! நேற்று இன்னும் இறங்கி, ராணி கஞ்சி கேட்டாள்.

"டாக்டருக்கு முன்னாடியே வாசிச்சுப்புடுறீக. மருந்தையும் நீங்களே எழுதிருங்கப்பா" என்று கேலி வேறு. செசிலி, அவள் சிரிக்கிறாள்!

அடுத்த வாரம் வீட்டுக்கு விடுவார்களாம். உன் உடலை வாங்க நான் கைநாட்டு வைத்த அதே நோட்டில், மகளை அழைத்துப் போகக் கையெழுத்துப் போடுவேன். போட்ட கையோடு உனக்கும் எழுதுவேன்.

உன் வீட்டுக்காரன்,
சூசை