கத்தரிப்பூ ஜெர்சியும் ராகு காலமும்

ஆகஸ்ட் 5, 1973. ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். மாடியில் வடகம். காக்கை விரட்டுவது என் வேலை. அங்கேயே உட்கார்ந்து நூலகப் புத்தகம், பாதி.

மாலை நடந்ததை முதலிலிருந்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் பிறகு எனக்கே நம்பிக்கை வராது.

பஜார் லெவன் என்று ஒரு கால்பந்துக் குழு. எல்லாரும் பாண்டி பஜார் கடைகளில் வேலை செய்கிறவர்கள். கோல்கீப்பர், நம் ஜவுளிக் கடையில் ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுக்கும் தாஸ் அண்ணன். போன வருடம் கடைக்குக் கத்தரிப்பூ நிறத்தில் பாப்ளின் துணி ஒரு பேல் கட்டு வந்தது. ஒரு பெண்கூடத் தொடவில்லை. தாஸ் அண்ணன் ஜெர்சி தைக்கக் கேட்டார். விட்டது தொல்லை என்று அப்பா மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்தார். பதிலுக்கு அவர்கள் அப்பாவைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். தலைவர் இதுவரை ஓர் ஆட்டமும் பார்த்ததில்லை.

இன்று வந்தே ஆக வேண்டும், ஆளுக்கு ஒரு கை குலுக்க வேண்டும் என்று வற்புறுத்தல். ஆடித் தள்ளுபடி என்பதால் ஞாயிறும் கடை உண்டு. அப்படியும் மூன்று மணிக்கே அடைத்துவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். தனியாகப் போகக் கூச்சம் போல.

அம்மா: “வயசுப் பிள்ளைய மைதானத்துக்கா கூட்டிட்டுப் போறீக?”

அப்பா: “எங்கூடத்தான வாரா.”

மாம்பலத்திலிருந்து சைதாப்பேட்டை, ரயிலில் ஒரே ஸ்டேஷன். ஆற்றுப் பக்கம் மைதானம். என்னையும் வேர்க்கடலை விற்கும் ஓர் அம்மாவையும் தவிர எல்லாரும் ஆண்கள். நம்மவர்களின் ஜெர்சியைப் பார்த்ததும் சுவர்மேல் இருந்தவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

“இன்னா நைனா, மேட்சிங் ப்ளவுஸ் கீதா?”

“முந்தானைய சொருகிக்கினு ஓடுப்பா, தடுக்கிடப் போவுது!”

நாலரைக்கு ஆட்டம். எதிர் அணி உள்ளே போய் நின்றுவிட்டது. நம்மவர்கள் கோட்டருகே. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“தாஸு, நில்லுப்பா. ஞாயித்துக்கெழம நாலரை ஆறு ராகு காலம்லா? ஆறு அடிக்கட்டும். அப்புறம் எறங்குங்க.”

“மொதலாளி, ரெஃப்ரி விசில் ஊதிடுவாரு.”

“கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. கட தொறக்க நாம நேரம் பாக்கலையா?”

தாஸ் அண்ணன் மற்றவர்களைப் பார்த்தார். மற்றவர்கள் புல்லைப் பார்த்தார்கள். முதலாளி சொன்ன பிறகு யார் கோட்டைத் தாண்டுவது? ரெஃப்ரி வந்து விசாரித்தார். அப்பா மரியாதையாக விளக்கினார். அவர் கால் மணி நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு ஒரு நீண்ட விசில். எதிர் அணி வென்றதாக அறிவித்துவிட்டார். அவர்கள் தங்களுக்குள் கைகொடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அப்பாவுக்கு அப்போதும் புரியவில்லை. “ஆறு மணிக்கு வந்துருங்கய்யா” என்று அவர்கள் பின்னாலேயே சொல்கிறார்!

எனக்கு முகமெல்லாம் எரிச்சல். சுவரோரம் வரிசையாகப் பதினோரு கத்தரிப்பூ முதுகுகள். குனிந்து பூட்ஸ் கழற்றிக்கொண்டு. அழுக்கே படாத பூட்ஸ்.

தாஸ் அண்ணன் மட்டும் சிரித்தார். “அடுத்த ஆட்டத்துக்கு வா பாப்பா. பந்தையாச்சும் கண்ணுல காட்றோம்.”

ஆகஸ்ட் 6, திங்கள்

கணக்கு டெஸ்ட். சுமார்.

என் வகுப்பு வசுமதியிடம் சொன்னேன் (இனி வ.). மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அவள் அண்ணா ஏதோ ஒரு பாங்க் அணியின் பரம பக்தன். வ. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“இத எங்கண்ணாட்ட சொன்னேன்னா ஆத்துல உருண்டு பொரண்டு சிரிப்பான்டி.”

“எங்க டீமைப் பத்தி உங்கண்ணா ஒண்ணும் சிரிக்க வேண்டாம்.”

“எங்க டீமா? நேத்திக்குத்தானேடி மொத மொதல்ல பார்த்தே? அதுவும் ஆட்டமே நடக்கல!”

உண்மைதான். “எங்க டீம்” என்று எப்போது என் வாயில் வந்தது? தெரியவில்லை.

மாலை கடை. அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோனேன். தாஸ் அண்ணன் நிலைமையை விளக்கினார். கடைசி இரண்டு இடத்தில் இருக்கும் அணிகளுக்குக் கீழ் டிவிஷன். நாம் அதற்கு ஒரு படி மேலே தொங்கிக்கொண்டிருக்கிறோம். பாக்கி ஒரே ஆட்டம், பெரம்பூர் ஃபவுண்டரி அணியோடு. டிரா செய்தால் போதும், தப்பிவிடுவோம். தோற்றால் கீழே.

“எப்போ?”

“பத்தொம்பது. ஞாத்திக்கெழம. நாலரைக்கு.”

கல்லாவில் அப்பா காது கேட்காதவர் போல் முழம்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முழம்போட்டது ஒரு கைக்குட்டையை.

ஆகஸ்ட் 8, புதன்

சாயங்காலம் தூறல். நூலகம். ஆஃப்சைட் விதியை மூன்று முறை படித்தேன். பந்து நம் ஆளுக்கு உதைக்கப்படும்போது, அவருக்கும் கோல்கோட்டுக்கும் நடுவே எதிராளிகள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒருவர் பெரும்பாலும் கோல்கீப்பர். இல்லாவிட்டால் கோல் போட்டாலும் செல்லாது. சுலபம்தான்.

ஒருவர் ஓர் அணிக்கு ஆயுள் முழுக்க ரசிகர் ஆவது எப்படி? கேட்டுக் கேட்டு எழுதுவதாக முடிவு. இதுவரை:

1. வ.வின் அண்ணா: அவன் அப்பாவுக்கு அந்த பாங்கில் வேலை. (சப்பைக் காரணம். வ.விடம் சொல்லவில்லை.)

2. எங்கள் தமிழ் மிஸ்: அவருக்குக் கால்பந்தே பிடிக்காதாம். ஆனால் கூடப் படித்தவள் ஒருத்தி தன் அணி தோற்ற அன்றெல்லாம் சாப்பிடமாட்டாளாம்.

3. கடலைக்கார அம்மா. சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்கு அம்மாவோடு போனபோது பார்த்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டார். “எங்க வூட்டாண்டதான் உங்க பசங்க பிராக்டீஸ் பண்ணுவாங்கோ. ஒரு நாளு பந்து வந்து கூர ஓட்ட ஒடச்சிட்ச்சி. சண்டைக்குப் போனேன் கண்ணு. தோ, அன்னிலேர்ந்து ஒரு ஆட்டம் வுட்றதில்ல.”

4. நான்: ?

ஆகஸ்ட் 11, சனி

அப்பாவோடு வாதம். தோல்வி.

“அப்பா, ஃபவுண்டரிக்காரங்களுக்கும் அதே ராகு காலம்தானே? அவங்க எறங்க மாட்டாங்களா?”

“அவங்க நேரம் அவங்களுக்கு. இருவது வருசமா நேரம் பாக்காம ஒரு காரியம் தொடங்கினதில்ல. நானா போய் அந்தப் பயலுவள ராகு காலத்துல எறக்கி விடணுமா? கால ஒடச்சுக்கிட்டா?”

கோபம் இல்லை, பயம். அது எனக்கு இன்றுதான் தெரிந்தது. அன்றைக்கு மைதானத்திலும் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

பஜாரில் எல்லாரும் அப்பாவைப் பார்த்து “அண்ணாச்சி, மணி ஆறாயிட்டா?” என்று கேட்கிறார்களாம். அப்பா இரவு தோசை ஒன்றோடு எழுந்துவிட்டார்.

தலைவர் வராமல் இருந்தால் என்ன? தாஸ் அண்ணனைக் கேட்டேன். “இல்ல பாப்பா. அவுரு வேணாம்னு சொல்லி நாங்க எறங்கினா நல்லா இருக்காது. அவுரு துணிதானே போட்டுக்கினு கீறோம்?”

ஆகஸ்ட் 13, திங்கள்

!!!

வ. வாழ்க. மதியம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொல்கிறாள்: “எங்க அத்திம்பேர் டெல்லிக்குப் போறச்சே இந்தப் பிரச்னையே வராதுடி. ரயில் ராகு காலத்துல கிளம்பினா, காலம்பற நல்ல நேரத்துலயே அவர் பையை எதிராத்துல கொண்டுபோய் வெச்சுடுவா. பரஸ்தானம். பை கிளம்பிடுத்துன்னா அவரும் கிளம்பினாப்லதான். போறச்சே எடுத்துண்டு போயிடுவார்.”

“பைக்குப் பதில் பந்தை வைக்கலாமா?”

“ஆத்துக்குத் திரும்பி வராம அப்படியே எடுத்துண்டு போகணும். அவ்வளவுதான்.”

அதன் பிறகு பூகோளப் பீரியடில் ஒரு வார்த்தை ஏறவில்லை.

இரவு அப்பாவிடம் சொன்னேன். பஞ்சாங்கத்தை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “பாக்கேன்” என்றார்.

ஆகஸ்ட் 16, வியாழன்

ஆடிக் கடைசி நாள். கடையில் நிற்க இடமில்லை. தாஸ் அண்ணனுக்குக் குரலே போய்விட்டது. இந்தத் தொண்டையோடு எப்படிக் கத்தி ஆட்களை நிறுத்துவார்? கவலை. அம்மா சுக்குக் கஷாயம் கொடுத்தனுப்பினாள். (கவனிக்க: அம்மாவும்!)

ஒன்பது மணிக்குக் கடை அடைக்கும்போது அப்பா: “ஞாயித்துக்கெழம காலைல ஏழரைக்கு நேரம் நல்லாருக்கு. அந்தக் கடலைக்காரம்மா வீடு எங்கன இருக்கு?”

நான் தாஸ் அண்ணனைப் பார்த்தேன். அவர் குரலில்லாமலேயே விசிலடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்தார்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

காலை: மஞ்சள் பையில் பந்து, தாஸ் அண்ணனின் பூட்ஸ், ஒரு எலுமிச்சம்பழம். அப்பாவும் நானும் கொண்டுபோய்க் கடலைக்கார அம்மா வீட்டில் வைத்தோம். அவர் அதைத் தரையில் வைக்கவில்லை, அரிசிப் பானைமேல் வைத்தார். “போய்ட்டு வா அண்ணாச்சி, நான் பாத்துக்கறேன்.”

மாலை: பையை எடுத்துக்கொண்டு மைதானம். மேகம். நாலரை. கத்தரிப்பூக்கள் பதினொன்றும் உள்ளே! சுவர்மேலிருந்து “இன்னாப்பா, ராகுவ கேட்டுக்கினு வந்தியா?” அப்பா திரும்பவில்லை.

ஆட்டத்தை முழுதும் எழுதத் தெரியவில்லை. துண்டுதுண்டாகத்தான் ஞாபகம். தாஸ் அண்ணன் காற்றில் படுத்த மாதிரி ஒரு பந்தைத் தட்டியது. பாத்திரக்கடை சம்பத் அண்ணன் ஓட்டம், ஒல்லிக் கால். ஃபவுண்டரி ஆட்கள் ஒவ்வொருவரும் கதவு அகலம். இடைவேளை வரை கோல் இல்லை. அதுவரை அப்பா நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரம் பார்த்தார். இடைவேளைக்குப் பிறகு பார்க்கவே இல்லை. எழுந்து நின்றுவிட்டார். கோட்டோரமாகக் கூடவே நடக்கிறார். வேட்டி மடித்துக் கட்டியாகிவிட்டது.

“ஏலே சம்பத்து, வலப்பக்கம் போ லே! வலப்பக்கம்!”

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. நானும் கத்தினேன். என் குரல்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

பிறகு ஒரு கோல் வாங்கினோம். தாஸ் அண்ணன் விரலில் பட்டும் உள்ளே போய்விட்டது. மழை பிடித்தது. யாரும் நகரவில்லை. கடைசி நிமிடங்கள். நடுவிலிருந்து ஒரு நீளப் பந்து. சம்பத் அண்ணன் தனியாக. உதைத்தார். வலை!

அப்பா என்னைத் தூக்கிவிட்டார். பத்தாவது படிக்கிற பெண்ணை! கடலைக்கார அம்மா கூடையை விட்டுவிட்டு ஆடுகிறார்.

இறக்கிவிட்டுப் பார்த்தால் கோட்டோரம் கொடி உயர்ந்திருக்கிறது. ஆஃப்சைட். கோல் செல்லாது. விசில். முடிந்தது.

கீழ் டிவிஷன்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. தாஸ் அண்ணன் சேற்றில் உட்கார்ந்திருந்தார். அப்பா போய் அவர் தலையைத் தன் மேல்துண்டால் துவட்டினார். முதலாளி துவட்டுகிறார், அவரும் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு கரகரவென்று: “வுடு மொதலாளி. கீய போனாத்தானே ஏற முடியும்.”

திரும்பும் ரயிலில் அப்பா ஜன்னல் பக்கம். எனக்குப் பயம். பரஸ்தானம் என் யோசனை. ராகு காலம்தான் காரணம் என்று சொல்லப்போகிறார், இனி அந்தக் குழுவை ஞாயிற்றுக்கிழமையில் விளையாடவே விடமாட்டார். பதில் எல்லாம் தயார் செய்து வைத்துக்கொண்டேன்.

மாம்பலம் வந்ததும் வாயைத் திறந்தார்.

“அது எப்பிடிளா ஆஃப்சைட் ஆவும்?”

வீட்டில் அம்மா: “ராகு காலத்துல எறங்குனா இப்பிடித்தான்.”

அப்பா: “ராகு காலம் என்ன செஞ்சுது? கொடி பிடிச்சவன் கண்ணச் சொல்லு!”

ஆகஸ்ட் 20, திங்கள்

வெயில், மழை, மறுபடி வெயில். தும்மல். பள்ளிக்குப் போனேன். வ. சிரிக்கத் தயாராக வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் டப்பாவிலிருந்த மாவடுவைக் கொடுத்தாள். நல்ல பெண்.

மாலை கடை. கல்லாவில் அப்பா இல்லை. தாஸ் அண்ணனின் மேஜையில், ரவிக்கை பிட்டுகளைப் பரப்பிவைத்து நாலைந்து பேருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். மஞ்சள் பிட்டுகள் ஃபவுண்டரி. பச்சை பிட் சம்பத் அண்ணன். முழக்கோல்தான் கோல்கோடு. பச்சைக்கு முன்னால் இரண்டு மஞ்சள்.

“பந்து இங்கன இருக்கைல இவன் இங்கன. பாத்தீகளா? எப்பிடிய்யா ஆஃப்சைட்?”

ஒரு அம்மாள் ரவிக்கைத் துணி வாங்க வந்து நிற்கிறார். “அண்ணாச்சி, அந்தப் பச்சதான் எனக்கு வோணும்.”

“அது சம்பத்து. இரும்மா.”

தாஸ் அண்ணன் தலையைக் குனிந்து சிரிக்கிறார். “அடுத்த வர்ஷம் மொத ஆட்டம் ஞாத்திக்கெழம வந்தா இன்னா பண்றது மொதலாளி?”

“காலைலயே பந்த வெச்சுர வேண்டியதுதான். இனிமே எல்லா ஆட்டத்துக்கும் நான் வாரேன்.” பிறகு என்னைப் பார்த்துவிட்டார். “ஏளா, நீயும் பாத்தல்லா? சொல்லு. கோலா இல்லையா?”

நான் பார்த்தேன். மிக நன்றாகப் பார்த்தேன். பந்து உதைக்கப்பட்டபோது சம்பத் அண்ணனுக்கு முன்னால் கோல்கீப்பர் மட்டும்தான். இன்னொரு மஞ்சள் அவருக்கு ஒரு கஜம் பின்னால். பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

“கோல்தான்ப்பா” என்றேன். சொல்லும்போதே அது உண்மை மாதிரிதான் இருந்தது.

“கோலுன்னா கோலுதான்” என்றார் அந்த அம்மாள். “இப்பயாச்சும் அந்தப் பச்சய குடு, அண்ணாச்சி.”