ரோஸி ஆன்ட்டி வீட்டு லைன்

ஏப்ரல் 8, செவ்வாய்

ஜீவனஹள்ளி காம்பவுண்டில் கடைசி வயரும் இழுத்தாயிற்று. பதினாறு வீடு, மொட்டைமாடியில் சோலார், மோட்டார் ரூமில் பேட்டரி. வெளியே கரண்ட் போனால் காம்பவுண்ட் தானாகப் பிரிந்து தன் கரண்டில் ஓடும். பேட்டரி சின்னது. அதனால் அந்த நேரத்தில் மாடிப்படிக்கும் ரோஸி ஆன்ட்டி வீட்டுக்கும் மட்டும்தான் வரும். ஆன்ட்டியின் கணவர் சாலமன் அங்கிள் கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நுரையீரலெல்லாம் தூசு. அவருடைய ஆக்சிஜன் மெஷின் நிற்கக் கூடாது.

எங்கள் டீம் ஹெட் ஹரிஷ் சார் எல்லோருக்கும் விளக்கிவிட்டு, "சங்கமித்ரா, நீங்க ஏதாவது?" என்றார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அம்மா போனில்: "செருப்பு போட்டுக்கினு தொடுடி." நாலு வருஷம் எலக்ட்ரிக்கல் படித்தவளுக்கு!

ஏப்ரல் 14, திங்கள்

அம்பேத்கர் ஜெயந்தி. ஊருக்குப் போனேன். அப்பா புத்த விகாரில் எல்லோரிடமும் "எம் பொண்ணு கரண்டு ஆபீசர்" என்றார். திருத்தவில்லை.

ஏப்ரல் 19, சனி

சாயங்காலம் நல்ல மழை. ஏரியா முழுக்கக் கரண்ட் போனது. நானும் ஹரிஷ் சாரும் காம்பவுண்டில்தான் இருந்தோம். ரோஸி ஆன்ட்டி வீட்டில் ட்யூப்லைட் அசையாமல் எரிந்தது. நாங்கள் செய்தது வேலை செய்கிறது!

கொஞ்ச நேரம்தான். பட்டென்று எல்லாம் அணைந்தது. மெஷின் கத்த ஆரம்பித்தது. ஆன்ட்டி பதறாமல் அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தார், நான் ட்யூபைப் பிடித்துக்கொண்டேன். அங்கிள் பேச முடியாமல் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவர் எனக்குத் தைரியம் சொல்கிறார்!

காரணம் கிடைத்தது. ஆன்ட்டி வீட்டு ஜன்னலிலிருந்து பக்கத்து வனஜா அக்கா வீட்டுக்கு ஒரு வயர். அந்த முனையில் மிக்ஸி. பேட்டரி தாங்கவில்லை.

"கரண்ட் திருட்டு மேடம் இது" என்றார் ஹரிஷ் சார்.

"யாரு சார் திருடி? மிக்ஸியத் தொறந்து பாரு, யாரு வூட்டு மசாலான்னு!" வனஜா அக்கா வாசலிலிருந்து கத்தினார்.

நான் குனிந்து வயரைச் சுருட்டினேன். ஏன் பேசவில்லை?

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். ஆன்ட்டி பிரியாணிக்குக் கூப்பிட்டிருந்தார்.

"எங்க வூட்ல மொளகா அரைச்சா அவருக்கு இருமல் தூக்கிடும் கண்ணு. பண்டிகைக்குப் பண்டிகை வனஜாதான் அரைச்சித் தருவா. வயரு நான்தான் குடுத்தேன்."

"தாங்காதுன்னு தெரியாதா ஆன்ட்டி?"

"லைட்டு எரியுது, மிக்ஸி ஓடாதான்னு நெனச்சேன்." என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். "அத்தினி வூடும் இருட்டா கீது. எங்க வூட்ல மட்டும் பளிச்சுன்னு. கூச்சமாப் போச்சு. வனஜா வந்து கேட்டிருந்தாகூடப் பரவால்ல. அவ கேக்கவே இல்ல."

எல்லோரும் பார்க்கத் தனியாக வெளிச்சத்தில் நிற்பது. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 21, திங்கள்

ஆபீஸில் மீட்டிங். ஹரிஷ் சாரின் முடிவு இது: ஆன்ட்டி வீட்டில் மெஷின் ப்ளக்கைத் தவிர மற்றதையெல்லாம் சீல் வைப்பது, வனஜா அக்கா மேல் அசோசியேஷனில் புகார் கொடுப்பது. ஹரிஷ் சார் அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தார்.

"சார், மெஷின் ப்ளக்லயே வயர் போடுவாங்க."

என் குரல்தான். எல்லோரும் திரும்பினார்கள். மேஜையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்: "மத்தவங்க இருட்டுல இருக்கற வரைக்கும் ஆன்ட்டி குடுப்பாங்க சார். மெஷினுக்குத் தனி லைன், அதுல வேற ப்ளக்கே வேணாம். மிச்சத்துல எல்லா வீட்டுக்கும் ஒரு லைட்டு, ஒரு செல் சார்ஜர். யார் அதிகமா இழுத்தாலும் அந்த வீடு மட்டும் கட் ஆகட்டும்."

"பேட்டரி தாங்குமா?" என்றார் ஹரிஷ் சார்.

"பதினாறு வீட்டுக்கும் சேர்த்தே ஒரு மிக்ஸி அளவு வராது சார். திருட்டும் இல்ல. அது அவங்க வீட்டு ஈஸ்டர் மசாலா."

அவர் என்னையே பார்த்தார். "இந்த வாயை இவ்ளோ நாள் எங்கம்மா வச்சிருந்தே?"

பாத்ரூமில் போய் முகம் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். பயமா, சந்தோஷமா?

மே 3, சனி

புது லைன் முடிந்தது. ஹரிஷ் சார் வனஜா அக்காவிடம் ஸாரி சொன்னார். அக்கா அவருக்கு மோர் கொடுத்தார், பச்சை மிளகாயைத் தாராளமாகப் போட்டு. என்னிடம், "லைட்டக் குடுத்துட்டு மிக்ஸிக்கு ஆப்பு வச்சிட்டியே இன்ஜினியரம்மா!"

மே 18, ஞாயிறு

பேய்மழை. ஜோகுபாளையம் முழுக்க இருட்டு, நான் தங்கியிருக்கும் பிஜி ஹாஸ்டலும்தான். உட்கார முடியவில்லை. ரோஸி ஆன்ட்டிக்குப் போன் செய்தேன்.

"இங்கயும் போச்சு கண்ணு. ஆனா எல்லா வூட்லயும் ஒரு லைட்டு. திருவிழா மாதிரி கீது."

பின்னால் மெஷின் சத்தம், சீராக. கூடவே டொக் டொக்கென்று ஏதோ.

"அதுவா? வனஜா இஞ்சி பூண்டு இடிக்கிறா. உன்னத் திட்டிக்கினே. இரு, அவரு பேசணுமாம்."

"நீ... இருட்டுலயா கீற?"

"ஆமா அங்கிள்."

"இங்க... வந்துடும்மா."

செல் டார்ச்சில் இதை எழுதுகிறேன். குடையைத் தேடி வைத்துவிட்டேன். மழை கொஞ்சம் விட்டால் கிளம்பிவிடுவேன்.