முகத்தில் மட்டும் வெண்கலம்

உங்களுக்கு,

அந்தப் பிரெஞ்சுக் கடிகாரம் ஓடத்தான் செய்கிறது, மணியும் சரியாக அடிக்கிறது. அதன் மேல் சாய்ந்திருக்கும் பெண் சிலையைத்தான் பார்க்க முடியவில்லை. பித்தளை என்று நினைத்து நீங்கள் பாலிஷ் போட்டுத் தேய்த்தது இருநூறு வருடத்துப் பொன்முலாம். கழுத்துக்குக் கீழே இன்னும் தங்கம், முகத்தில் வெறும் வெண்கலம்.

"அழுக்கா இருந்துச்சு, உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டுமேன்னுதான்" என்றீர்கள். அதைக்கூட விட்டுவிடுவேன். ஆனால் கடிகாரத்தின் சொந்தக்காரர் வந்தபோது, "இவதான் சார் கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சிட்டா" என்று என் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னீர்கள். என் கையை நம்பிப் பதினோரு வருடமாகப் பழைய கடிகாரங்களைப் பழுதுபார்க்கத் தருகிறவர் அவர்.

நீங்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு அவருக்குப் போன் செய்து, தேய்த்தது யார் என்று சொன்னேன். பிறகு கடைக்குப் போய் என் பட்டறைக்கு வேறு பூட்டு வாங்கி வந்தேன்.

உங்கள் மனைவி