மாலில் ஏழு நடை

786

மில்பிடாஸ், அமெரிக்கா,
9.10.1999

அன்புக் கூட்டாளி மொகுதூமுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகன் வீட்டாரும் சுகம். உன் வீட்டில் எல்லோருக்கும் என் ஸலாம் சொல்லவும்.

உன் கடிதம் போன வாரம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. காயல்பட்டினத்தில் மழை இல்லை என்று நாலு வரி எழுதிவிட்டு, சர்க்கரையால் கால்விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அதோடு, ஹஜ்ஜுக்கு நீ மட்டும் போய் வா என்கிறாய். சேர்ந்துதான் போவது என்று பேசி எத்தனை வருடம்! கோபம் வந்தது. பிறகு அழுதேன்.

எனக்கும் சர்க்கரைதான். இங்கே பால் வாங்கக்கூட கார். டாக்டர் நடக்கச் சொன்னதால், ஆபீஸ் போகிற வழியில் மகன் ஜமீல் என்னை ஒரு பெரிய மாலில் இறக்கிவிடுகிறான். கடை திறக்குமுன் கிழடுகள் உள்ளே நடக்கலாம். ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு நடுவே ஹாஜிகள் ஏழு நடை போக வேண்டுமே, இந்த மாலின் நீளமும் ஏறக்குறைய அந்தத் தூரம் இருக்கும் என்று நானும் இங்கே ஏழு நடை போய்ப் பழகுகிறேன். அங்கே ஆண்கள் ஓட வேண்டிய இடத்துக்குப் பச்சை விளக்கு அடையாளமாம். இங்கே இரண்டு பச்சை விளம்பரப் பலகை. அவற்றுக்கு நடுவே தொங்கோட்டம் ஓடினேனா, திருடன் என்று நினைத்துக் காவலாளி பின்னாலேயே ஓடிவந்தான்.

நம்மூர்க் கடற்கரை மைதானத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கோல் கம்பத்தடியில் நான் சும்மா நிற்பேன். நீதான் வெறுங்காலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறப்பாய். இறங்கி வரட்டுமா என்றால், "நீ நில்லு லெப்பை, நான் ஓடிக்கிறேன்" என்பாய். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்ன பிறகுதான் பந்தை விடுவாய். அந்தக் காலுக்கா இப்படி ஆனது!

இந்த மாலில் சக்கர நாற்காலி இரவல் தருகிறார்கள். திங்கள்கிழமை முதல் அதில் அரிசி மூட்டை இரண்டை ஏற்றித் தள்ளுகிறேன். ஜமீல் தலையில் அடித்துக்கொண்டே ஏற்றித் தருகிறான். முதல் நாள் மூன்று நடையிலேயே மூச்சு வாங்கியது. நேற்று ஏழும் முடித்தேன். பலகைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு ஓடவும் செய்தேன். யாருக்காக என்று அதே காவலாளி கேட்டான். என் கூட்டாளிக்கு என்றேன். எப்போது வருவார் என்றான். அதை நீதான் எழுத வேண்டும்.

மார்ச்சில் ஹஜ். புண் ஆறட்டும், மாத்திரையை விடாதே, பாஸ்போர்ட்டை எடுத்து வை. நாற்காலியில் போவதை வெட்கமாக நினைக்காதே. அல்லாஹ் உனக்கு ஷிஃபா தரட்டும். இந்த ஒரு தடவை நீ உட்காரு மொகுதூம், நான் ஓடிக்கிறேன்.

உன் கோல்கீப்பர்,
நூகு லெப்பை