கிளட்ச் இல்லாத வண்டி

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அதே மேம்பாலம். பாதி ஏற்றம் வரை ஒழுங்காகப் போன வண்டி, திடீரென்று இன்ஜினை மட்டும் கத்தவிட்டு, நகரமாட்டேன் என்று அடம்பிடித்தது. மிதிக்க மிதிக்கச் சத்தம் ஏறுகிறது, வேகம் இறங்குகிறது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். உச்சியைத் தாண்டி இறக்கத்தில் விழுந்ததும், ஒன்றும் நடக்காதது போல ஓடுகிறது. பிப்ரவரியிலிருந்து இது நான்காவது முறை.

பத்தொன்பது வயதுக் கார். ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது என்பதற்காகவே போன வருடம் பழையதாக வாங்கினேன். லிஃப்ட் குழியில் விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கி, காலுக்குப் போகும் நரம்பும் அறுந்து இருபத்திரண்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து என் இடது கால் உடம்போடு ஒட்டிக்கொண்டு வருகிற ஒரு சாமான், அவ்வளவுதான். கிள்ளினால் தெரியாது, சுட்டால் தெரியாது. காலைச் சுற்றிய இரும்புப் பட்டையின் முட்டிப் பூட்டைத் திறந்து, இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, வலது காலை மட்டும் வைத்து ஓட்டுகிறேன்.

முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக். இப்போது ஆய்வாளர். கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்ட்டில் ஏறி இறங்கி, சத்தம் கேட்டுக் குறை எழுதுவது வேலை. வண்டி இல்லையென்றால் ஸ்டோர் ரூமில் உட்காரச் சொல்வார்கள். மேனேஜர் நல்ல மனிதர், அன்பாகத்தான் சொல்வார். அதனால்தான் மறுக்கவும் முடியாது.

மார்ச் 5, புதன்

கியர்பாக்ஸ் ஆயிலை அளவுக் கம்பி விட்டுப் பார்த்தேன். நிறையவே இருக்கிறது. பிறகு என்ன கேடு?

மார்ச் 8, சனி

மைத்துனன் வந்தான். வித்துத் தொலைங்க மாமா, இரும்பு விலைக்காவது போகும் என்றான். வண்டியைச் சொல்கிறாயா என்னைச் சொல்கிறாயா என்று கேட்டேன். அவன் அக்கா, அதாவது என் மனைவி, உள்ளேயிருந்து சிரித்தாள். ஆனால் தெரிந்த இடம் ஒன்று இருக்கிறது என்று அவன்தான் கூட்டிப் போனான்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கிற பட்டறை. நடத்துவது ஒரு அம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆயில் பார்த்துவிட்டேன், நிறைய இருக்கிறது என்று நான் பெருமையாகச் சொன்னதும், இன்ஜின் ஓடும்போது பார்த்தீர்களா, நிறுத்திவிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டார். நிறுத்திவிட்டு. சிரிப்பை அடக்கிக்கொண்டார். இன்ஜின் நின்றிருந்தால் அளவு கூடத்தான் காட்டுமாம். வண்டியைச் சூடேற்றி, இன்ஜின் ஓட ஓட, லீவரை ஒவ்வொரு இடமாகத் தள்ளி நிறுத்திவிட்டுத்தான் கம்பியை எடுத்தார். ஆயில் குறைவு. அதைவிட மோசம், நிறம். சிவப்பாக இருக்க வேண்டியது காப்பிக் கசடு மாதிரி இருந்தது. என் மூக்கருகே நீட்டினார். கருகிய வாடை.

உள்ளே ஏதோ வெந்துபோயிருக்கிறது, பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

மார்ச் 12, புதன்

இன்று பிரித்ததைப் பார்த்தேன். எங்கிருந்து எழுதுவது என்று தெரியவில்லை.

இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றையொன்று தொடவே இல்லை! நடுவில் இருப்பது எண்ணெய். இரண்டு காற்றாடி எதிரெதிரே. ஒன்று எண்ணெயை வீசுகிறது, அந்த வீச்சில் மற்றது சுற்றுகிறது. அந்தச் சுற்றில்தான் ஒன்றரை டன் இரும்பும் நானும் மேம்பாலம் ஏறுகிறோம். பத்தொன்பது வருடமாக இந்த வண்டியை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. எண்ணெய் தள்ளியிருக்கிறது.

அப்புறம் வால்வு பாடி. உள்ளங்கை அகலத் தகடு, அதில் புழு ஊர்ந்தது போல நூற்றுக்கணக்கில் பாதைகள், நடுநடுவே குட்டிக் குட்டி உருளைகள், கடுகளவு குண்டுகள். எப்போது கியர் மாற்ற வேண்டும் என்று யார் சொல்வது என்று கேட்டேன். யாரும் சொல்வதில்லையாம். வேகம் கூடினால் ஒரு பக்கம் அழுத்தம் கூடும், மிதித்தால் மறுபக்கம் கூடும், இரண்டும் மல்லுக்கட்டி எது ஜெயிக்கிறதோ அந்தப் பக்கம் உருளை நகரும். அவ்வளவுதான். முப்பது வருடம் கம்பியும் எடைக்கல்லும் கையாண்டவன் நான், இயந்திரத்தைக் கரைத்துக் குடித்ததாக நினைப்பு. அந்தத் தகட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது, உண்மையாகவே.

உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் கருகியிருந்தன. ஆமாம், கிளட்ச் உண்டு, உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள். இத்தனை சூடு எங்கிருந்து வந்தது என்பதுதான் மேஸ்திரிக்குப் புரியவில்லை. மலைப்பாதையில் பாரம் இழுத்தீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். நான் என்னத்தை இழுத்தேன், என் காலைத்தான் இழுக்கிறேன்.

மார்ச் 19, புதன்

புது பிளேட், புது சீல், புது ஆயில். வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஒரே நாளில் ஒன்பது கட்டடம் பார்த்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

மறுபடியும்.

அதே மேம்பாலம், அதே கத்தல். உச்சியைத் தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. அழுதிருந்தாலும் எழுதமாட்டேன். அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன். மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, மே மாதத்திலிருந்து ஸ்டோர் பொறுப்பை ஏத்துக்கறீங்களா, உங்களுக்கும் அலைச்சல் மிச்சம் என்றார். எவ்வளவு அன்பாகச் சொன்னார்! யோசிக்கிறேன் என்றேன்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவள் சரி என்பாள். அதுதான் பயம்.

ஏப்ரல் 9, புதன்

பட்டறைக்குப் போகும்போதே ஒரு முடிவோடு போனேன். மேஸ்திரியை ஒரு பிடி பிடிக்க வேண்டும், மைத்துனனையும் சேர்த்து. வாய்க்கு வந்ததைப் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே வண்டியைச் சுற்றி நடந்தார். முன் சக்கரத்தின் அருகே குனிந்தவர், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கொதிக்கிறதாம். சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேட் இரும்பு வரை தேய்ந்திருந்தது, டிஸ்க் சூட்டில் நீலம் பூத்திருந்தது.

ரெண்டு காலும் வெச்சு ஓட்டுறது யாரு என்று கேட்டார்.

என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். கத்திவிட்டேன். "இந்தக் காலப் பாருங்கம்மா. கட்டை. ரெண்டு வருஷமா கட்டை. இதுவா மிதிக்கும்?" பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவர் மட்டும் கோபப்படாமல் பேடை மாற்றிவிட்டு, வண்டியை எடுக்கச் சொல்லி, பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

மேம்பாலம். நான் சாலையைப் பார்க்கிறேன், அவர் குனிந்து என் காலடியையே பார்க்கிறார். பாதி ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் கனத்தது. வண்டி தயங்கியது.

"அண்ணே. உங்க இடது காலு பிரேக்க மிதிக்குது."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. இறங்கியதும் ஒரு ஓரமாக நிறுத்தச் சொன்னார். லீவரை நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை இழுத்து, என் கையை எடுத்து என் இடது தொடை மேலேயே வைத்து, இப்போது ஆக்சிலரேட்டரை மிதியுங்கள் என்றார். மிதித்தேன். இன்ஜின் உறுமியது. என் உள்ளங்கைக்குக் கீழே தொடை இறுகியது.

காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது. மறுபடி மிதித்தேன், மறுபடி இறுகியது. யாரோ இன்னொருவர் தொடை மேல் கை வைத்திருப்பது போல இருந்தது. எத்தனை தடவை மிதித்தேன் என்று ஞாபகம் இல்லை. மேஸ்திரி வெளியே இறங்கி நின்றுகொண்டார், நல்ல மனுஷி.

பிறகுதான் விளங்கியது. முப்பது வருடம் கம்பெனி வேன் ஓட்டியவன் நான். இன்ஜின் சத்தம் கனத்தால் கியர் மாற்ற வேண்டும், இடது கால் கிளட்ச்சுக்குப் போகும், அது மண்டையில் ஊறிப்போனது. விழுந்த பிறகும் மண்டை உத்தரவு போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லை. இந்தப் பிப்ரவரியில் கால் கேட்கத் தொடங்கியிருக்கிறது. கிளட்ச்சைத் தேடிப் போய், இந்த வண்டியில் அகலமாக நீண்டிருக்கும் பிரேக்கை மிதித்திருக்கிறது. வலது கால் போ என்கிறது, இடது கால் நில் என்கிறது, நடுவில் எண்ணெய் வெந்து பிளேட்டும் கருகிவிட்டது.

டாக்டருக்குத் தெரியாது. பிசியோதெரபிஸ்ட்டுக்குத் தெரியாது. எனக்கே தெரியாது. கியர்பாக்ஸுக்குத் தெரிந்திருக்கிறது!

ஏப்ரல் 10, வியாழன்

வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டேன். காலையில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்டோர் ரூம் உட்பட. என் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, இடது பாதத்தை மடியில் எடுத்து வைத்து, தள்ளுங்க என்றாள். தள்ளினேன். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன், நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. அசைவே இல்லை. நான் வேண்டும் என்று நினைத்தால் வராதாம். திமிரைப் பாருங்கள்.

அவள் விடவில்லை. எழுந்து போய் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து என் வலது காலுக்குக் கீழே வைத்தாள். ஆக்சிலரேட்டராம். மறுபடி உட்கார்ந்து, கொஞ்சமும் வெட்கப்படாமல், வாயால் இன்ஜின் சத்தம் போட ஆரம்பித்தாள். ர்ர்ர்ர் என்று. பால்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு. சிரிக்காதீங்க, ஏத்தம் வருது என்று சொல்லிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினாள், மேலே, மேலே.

பாதம் அவள் வயிற்றில் உதைத்தது.

லேசாகத்தான். அவள் சத்தத்தை நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் ர்ர்ர்ர் என்கிறது. நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

டாக்டர் தொடையில் ஊசி குத்தித் திரையில் கோடுகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அறுந்த நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளருமாம். இடுப்பிலிருந்து கிளம்பி, இருட்டில் வழி தேடி, நான் தூங்கும்போதும் ஸ்டோர் ரூமை நினைத்துப் புழுங்கும்போதும் நிற்காமல் வந்து, தொடையை எட்டியிருக்கிறது. முட்டிக்குக் கீழே வருமா என்று சொல்ல முடியாது என்றார். இங்கேயே நின்றும் போகலாம். உணர்ச்சி திரும்புவது அதைவிடச் சந்தேகம்.

அப்புறம் அடுத்த குண்டு. வண்டி ஓட்டக்கூடாது. அசையாத காலைவிட, தெரியாமல் அசைகிற கால் ஆபத்தாம். கட்டையாக இருந்தவரை ஓட்டலாம், உயிர் வந்தால் ஓட்டக்கூடாது. இது என்ன நியாயம்? ஆனால் அவர் சொல்வது சரி. மேம்பாலத்தில் எனக்குப் பின்னால் எத்தனை பேர் வந்தார்கள்!

மே 2, வெள்ளி

வண்டியை விற்றுவிடுங்கள் என்று சொல்லத்தான் பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி கேட்டுவிட்டு, குறுக்க ஒரு தகடு வெச்சாப் போச்சு என்றார்.

பிரேக்குக்கு இடப்பக்கம், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புத் தகடு, மடித்து நான்கு போல்ட் போட்டு இறுக்கிவிட்டார். இடது கால் எங்கே போனாலும் தகட்டில்தான் முட்டும், பிரேக்கைத் தொடாது. அவரே உட்கார்ந்து நூறு முறை உதைத்துப் பார்த்தார். டாக்டரைக் கூட்டிவந்து காட்டுங்கள் என்றார். டாக்டர் வரவில்லை. வண்டிதான் ஆஸ்பத்திரிக்குப் போனது. மேஸ்திரி ஓட்டினார். டாக்டர் வெள்ளைக் கோட்டோடு வண்டிக்குள் தலைகீழாகக் கிடந்து பார்த்தார். பிறகு என்னை ஓட்டச் சொல்லி, மேம்பாலம் ஏறி இறங்கும் வரை கூடவே உட்கார்ந்திருந்தார்.

மூன்று மாதத்துக்கு அனுமதி. மேனேஜரிடம் ஸ்டோர் வேண்டாம் என்றேன். சரி என்றார், அதே அன்போடு.

மே 19, திங்கள்

ஏற்றத்தில் டங் என்று ஒரு சத்தம். தகடுதான். வண்டி நிற்காமல் ஏறுகிறது.

ஜூன் 28, சனி

தகடு கடகடவென்று ஆடுகிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோனேன். போல்ட் தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். போல்ட் நான்கும் அப்படியே இருக்கின்றன. மேஸ்திரி கழற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நடுவில், பாதம் படுகிற இடத்தில், ஒரு விரல் ஆழத்துக்கு வளைந்திருந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு விரிசல்.

தடிமனாகப் போடட்டுமா என்று கேட்டார். போடுங்க என்றேன். இதன் இரண்டு மடங்கு கனத்தில் வெட்டிப் போட்டார்.

பழையதை வீட்டுக்கு எடுத்து வந்தேன். இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க, என்ன இது என்றாள்.

"என் கால் செஞ்சது" என்றேன்.