பொய் இல்லாத ஒரு கடிதம்

காஹாங், ஜொகூர்
4 மார்ச் 2023

அன்பு மருமகள் லோஷினிக்கு, ஐந்து ஏக்கர் செம்பனைக்கும் அதைத் தின்ன வரும் அத்தனை யானைகளுக்கும் அதிபதியான உன் தாய்மாமன் சின்னத்தம்பி ஆசீர்வதித்து எழுதுவது.

நான் இப்போது சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பமாட்டாள். டென்வரில் உன் நீதிமன்றத்திலேயே வந்து சத்தியம் செய்தாலும் நீதிபதி நம்பமாட்டார். ஆனாலும் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் யானை. நம் கோயில் மண்டபத்துக்குக் கால் முளைத்து நடந்து வந்த மாதிரி. ஒற்றைக்குழல் துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தேன். அது தும்பிக்கையால் காதைப் பொத்திக்கொண்டு, "ஏன்யா சின்னத்தம்பி, காலங்காத்தாலயே இப்படி?" என்றது. தமிழில்! "செம்பனைக் கன்றுல வாய் வைக்காத லா" என்றேன். "அப்ப ரொட்டி சானாய் குடு" என்றது. இருபத்தேழு தின்றது. குழம்பில் காரம் பத்தவில்லை என்று குறை வேறு.

உன் அத்தை இருந்தால் "வாயைத் திறந்தா பொய்யி" என்று கரண்டியோடு வந்திருப்பாள். வாசுகி போய் ஏழு வாரம் ஆகிறது. தடுக்க ஆளில்லாததால் யானை கொஞ்சம் பெருத்துவிட்டது.

பக்கத்துத் தோட்டத்து வேலு இந்தக் கடிதத்தைப் போனில் படம் பிடித்து அனுப்புவான். அவனுக்குத் தமிழ் படிக்க வராது. ரகசியம் பத்திரம்.

யானைப்படைத் தளபதி,
சின்னத்தம்பி

டென்வர்
9 மார்ச் 2023

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் யானையைப் பற்றி அலுவலகத்தில் சொன்னேன். நேற்றுவரை எல்லாரும் அதன் நலம் விசாரித்தார்கள்.

முன்பு ஒரு தடவை என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனுக்களை வாங்கிப் பதிவு செய்கிறேன். இந்த மாநிலத்தில் ஒரு சட்டம் உண்டு. துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் தன்னையோ பிறரையோ ஏதாவது செய்துவிடுவார் என்று வீட்டாருக்குப் பயம் வந்தால் நீதிபதியிடம் மனு கொடுக்கலாம். முதலில் இரண்டு வாரத்துக்குத் துப்பாக்கியை எடுத்துவைப்பார்கள். விசாரித்து, ஆபத்து உண்மை என்று பட்டால் ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு. அதன் பிறகு திரும்பக் கிடைக்கும். தண்டனை இல்லை, குற்றப்பதிவும் இல்லை.

இன்று ஒருவர் தன் தம்பிக்காக வந்தார். மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அவன் என்னைத் திட்டுவான். உயிரோடு இருந்து திட்டட்டும்" என்றார்.

அது இருக்கட்டும். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? இதற்கு மட்டும் பொய் வேண்டாம்.

உங்கள்
லோஷினி

காஹாங்
2 ஏப்ரல் 2023

லோஷினி,

யானை வரவில்லை. மழை பெய்கிறது. கோழிகளை வேலுவுக்குக் கொடுத்துவிட்டேன். அத்தையின் சேலைகளை மடித்து உன் அம்மாவிடம் சேர்த்தேன். நிலப் பத்திரம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உன் தங்கை ரூபினியின் கல்யாணத்துக்கு ஆகும். துப்பாக்கியைத் துடைத்து வைத்தேன்.

நீ நல்ல பிள்ளை. உடம்பைப் பார்த்துக்கொள்.

சின்னத்தம்பி

காஹாங்
23 ஏப்ரல் 2023

மேன்மைதங்கிய அமெரிக்க நீதிமன்ற அம்மையாருக்கு,

உன் ஒரு போன் அழைப்புக்கு என்னென்ன வந்தது தெரியுமா? ஆறு லாரி போலீஸ். மூன்று ஹெலிகாப்டர். காஹாங் ஆற்றில் நீர்மூழ்கிக் கப்பல். நடுவில் சார்ஜன் ருக்னுதீன், சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "அங்கிள், உங்க மருமக போன் பண்ணி அழுதுச்சு. துப்பாக்கி கொஞ்ச நாளைக்கு போலீஸ் பாலாய்ல இருக்கட்டும். முதல்ல தேத்தண்ணி குடிப்போம், வாங்க" என்கிறார். அன்றிலிருந்து வேலு என் வீட்டில் பாய் போட்டுப் படுக்கிறான். அவன் குறட்டையில் ஓடு இரண்டு பறந்துவிட்டது.

முப்பது வருட லைசன்ஸ், அம்மா! ஒரு குரங்குகூட என்மேல் புகார் கொடுத்ததில்லை. நான் என்ன பைத்தியமா?

ரூபினி நிச்சயதார்த்தத்தில் சபை நடுவே எழுந்து இந்தக் கதையைச் சொன்னேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இப்போது உனக்கு 'மாமாவைப் போலீஸில் பிடித்துக் கொடுத்தவள்' என்று பேர். உன் அம்மாவால் தலை நிமிர முடியவில்லை.

இனி எனக்கு எழுதாதே.

சின்னத்தம்பி

டென்வர்
25 ஏப்ரல் 2023

அன்புள்ள மாமாவுக்கு,

இதை ஒரு தடவை மட்டும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு எழுத்து தெரிந்த நாளிலிருந்து நீங்கள் கடிதம் எழுதுகிறீர்கள். பொய் இல்லாத கடிதம் ஒன்றே ஒன்றுதான், இந்த மாதம் இரண்டாம் தேதி வந்தது. அதைப் படித்ததும் போனை எடுத்தேன். அங்கே எந்த நீதிபதியிடம் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. பாலாய் நம்பர்தான் கிடைத்தது.

அம்மா என்னோடு பேசுவதில்லை. கல்யாணத்துக்கு வந்தால் பழைய கதை கிளம்பும், வராதே என்கிறார். நான் நினைத்தது தவறாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். திட்டியாவது எழுதுங்கள் மாமா.

உங்கள்
லோஷினி

காஹாங்
14 ஏப்ரல் 2024

அன்பு மருமகள் லோஷினிக்கு,

ஒரு வருடம் கழித்துப் பதில் எழுதுகிறேன். தபால்காரனை முதலை தின்றுவிட்டது என்று தொடங்கினேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

ரூபினி கல்யாணம் போன மாதம் நடந்தது. நாத்தனார் முடிச்சுப் போட்டதும் "பொண்ணோட அக்கா எங்க?" என்று ஐயர் கேட்டார். பந்தியில் மாப்பிள்ளை, "மாமா, அந்த ஹெலிகாப்டர் கதையைச் சொல்லுங்க" என்றார். பாதி சொன்னேன். உன் அம்மா இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். மீதி எனக்கு வரவில்லை.

மண்டபத்துக்குப் பின்னால் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குப் போன் செய்வாள். எடுத்துப் பேசு. எடுக்காவிட்டாலும் நியாயம்தான். அந்தக் கல்யாணப் படத்தில் உன்னைச் சேர்க்க என்னால் முடியாது.

நேற்று சார்ஜன் கூப்பிட்டு, துப்பாக்கியை எடுத்துப் போகலாம் என்றார். அங்கேயே இருக்கட்டும் என்றேன். "யானை வந்தா என்ன அங்கிள் செய்வீங்க?" "வேலுவைப் படுக்க வச்சிருவேன். குறட்டை போதும்."

லாரி பொய். ஹெலிகாப்டர் பொய். யானை சுத்தப் பொய். அந்த வருடம் முழுக்க ஒரு யானைகூட இந்தப் பக்கம் வரவில்லை. உன்மேல் வந்த கோபம்கூட மூன்று நாளில் போய்விட்டது; மீதி நான் பிடித்து நிறுத்தி வைத்ததுதான்.

ஒரே ஒரு சின்ன விஷயம் உண்மை. அதை நான் எந்தச் சபையிலும் சொல்லவில்லை. சார்ஜன் துப்பாக்கியை வாங்கித் திறந்தபோது உள்ளே ஒரு தோட்டா இருந்தது. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

யானைக்கு, என்றேன்.

உன்
மாமா